ஐந்தாம் தரமும் அதே வாளித் தண்ணி

சாட்டிக் கடற்கரைக்குப் போற ஆக்கள் குளிச்சிட்டு, படம் எடுத்திட்டு வந்துவிடுவினம். அந்தப் பக்கத்து மணலுக்குக் கீழே நிற்கிற நல்ல தண்ணியை நினைக்கிறது குறைவு. தீவுப்பகுதியில் பல வீடுகளுக்கு அதுதான் குடிநீர். மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. கூட இறைச்சால் உப்பு ஏறும். அப்பவும் ஐந்தாம் தரம் அதே வாளித் தண்ணிதான் வரும். வாளியை எண்ணினால் கிணற்றில் குறை தெரியாது, நாக்கில் வைச்சால்தான் தெரியும்.

பலேடியம் ஊக்கிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் சிலதை நாங்கள் சேர்ந்து வாசிச்சபோது இந்த வாளிக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. கட்டுரையின் முடிவில் ஒரு வரைபு. ஐந்து சலாகை, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். "ஐந்து தரம் மீளப் பயன்படுத்தலாம்" என்று கீழே ஒரு வரி.

விசயம் சின்னது இல்லை. இரண்டு காபன் அணுக்களைப் பலேடியத்தால் இணைக்கிற தாக்கங்களுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010 இல் நோபல் பரிசு கிடைச்சது. எங்கட அம்மம்மாமார் பிறசருக்குக் குடிக்கிற லொசாட்டானில் இரண்டு பென்சீன் வளையம் ஒட்டி நிற்குது. 1994 இல் மேர்க் நிறுவனத்தார் வெளியிட்ட தயாரிப்பு முறையில் அந்த ஒட்டு சுசுகி தாக்கத்தால் வந்தது. பலேடியம் விலை கூடின உலோகம், மருந்துக்குள் தங்கவும் கூடாது. வாயால் எடுக்கிற மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் சர்வதேச வழிகாட்டல் சொல்கிற எல்லை. அதனால் கிராபீன், தைத்தேனியம் ஈரொட்சைட்டு, காந்த இரும்பு ஒட்சைட்டு போன்ற நனோத் துணிக்கைகளில் பலேடியத்தை ஒட்டிவைச்சு, வேலை முடிய வடிச்சோ காந்தத்தால் இழுத்தோ எடுக்கினம். நல்ல யோசனைதான்.

ஆனால் இந்தத் தாக்கங்கள் பலதில் பலேடியம் தாங்கியை விட்டுக் கழன்று, கரைசலுக்குள் நின்று வேலை செய்து, கடைசியில் திரும்பிப் படியுது. குறிகாட்டுவானில் காலமை வள்ளம் ஏறின எல்லாரும் பின்னேரம் திரும்பினவையோ என்று எண்ண வேண்டாமா? ஒரு மணித்தியாலத்தில் முடியிற தாக்கத்தைப் பன்னிரண்டு மணித்தியாலம் விட்டால், ஊக்கியில் பாதி போனாலும் விளைவு குறையாது. சலாகை அதே உயரம்தான் நிற்கும்.

கொஞ்சம்தானே என்று விடவும் ஏலாது. 2003 இல் லெட்பீட்டர் குழுவினர் உலோகமே இல்லாமல் சுசுகி தாக்கம் நடக்குது என்று எழுதினவை. 2005 இல் அவையே காரணத்தைக் கண்டுபிடிச்சு வெளியிட்டினம்: கடையில் வாங்கின சோடியம் காபனேற்றில் இருந்த பலேடியம். அளவு நூறு கோடியில் ஏறத்தாழ 50 பங்கு, அதாவது ஒரு தொன்னில் 50 மில்லிகிராம்! பிழையை மறைக்காமல் தாங்களே தேடிப் பிடிச்சதற்காக அவையில் எங்களுக்கு மரியாதை.

இந்தத் துறையில் புரொஜெக்ட் செய்யிற எங்கட பெடியளிட்ட நாங்கள் கேட்கிறது இரண்டு. தாக்கம் பாதி நடக்கும்போதே விளைவை அளவுங்கோ, அதுவும் ஒவ்வொரு தரமும். பிறகு, சூடு ஆற முதல் ஊக்கியை வடிச்செடுத்து, வடிதிரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பாருங்கோ. தாக்கம் மேலும் நடந்தால் உலோகம் தண்ணிப் பக்கம் போட்டுது. இதுக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. அதே நேரம், ஒன்றும் நடக்கேல்லை என்றதை வைச்சு உலோகம் கரையவே இல்லை என்று எழுதிவிடவும் வேண்டாம். கரைசலில் எவ்வளவு உலோகம் என்று அளந்த இலக்கமும் பக்கத்தில் இருக்க வேணும்.

போகல காரீயத்தையும் புல்மோட்டை இல்மனைட்டையும் மண்ணாக அனுப்பாமல் நனோப் பொருளாக்கி விற்கவேணும் என்ற கதை நாட்டில் கனகாலமாக இருக்கு. எங்களுக்கும் அது விருப்பம்தான். ஆனால் அப்படி ஒரு தொழிற்சாலை வந்தால் அதின்ர கழிவுநீரும் இங்கதான் இறங்கும். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவை நாங்கள். அதனால் "பசுமை ஊக்கி" என்று யாரும் வந்தால், ஐந்து சலாகையை விட்டிட்டு, ஐந்து தரமும் வடிச்ச தண்ணியில் எவ்வளவு உலோகம் என்ற கணக்கைத்தான் முதலில் கேட்பம்.