கை கழுவுவதும் கைகழுவி விடுவதும்

காரவல்லியில் ஏறத் தொடங்கினால் செம்மேடு வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஒரு சாகசம். வளைவுக்கு வளைவு எண் பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டே வருவார்கள். நாற்பதைத் தாண்டியதும் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். அதே வளைவுகளில் பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணை இறக்கிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள்.

கொல்லிமலையில் பெரிய ஊர் என்றால் செம்மேடுதான். பஸ் நிலையம், வல்வில் ஓரி சிலை, அரசு அலுவலகங்கள், அரசு மருத்துவமனை எல்லாம் இங்கேதான். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, தின்னனூர்நாடு என்று 'நாடு நாடாக'ப் பிரிந்து கிடக்கும் மலைக் கிராமங்களில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் வந்து சேரும் இடம் இந்த மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகள்தான். இங்கே முடியாது என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். ஆகவே, மலைமேல் ஒரு தையல் சீழ் பிடித்தால் அது சமவெளியில் சீழ் பிடிப்பது போல அல்ல. ஒரு நாள் கூலி, ஜீப் வாடகை, கூடவே வரும் ஆளின் கூலி, மிளகு பறிக்கும் காலமாக இருந்தால் அதுவும் போச்சு!

மருத்துவமனைக்குப் போய் நோய் வாங்கி வருவது என்பது பேசப்படாத விஷயம். ஆபரேஷன் நன்றாக நடந்தது, ஆனால் 'இன்ஃபெக்ஷன் ஆகிவிட்டது' என்பார்கள். ஏதோ மழை பெய்துவிட்டது என்பது மாதிரி! யாரோ ஒருவர் கையிலிருந்து, ஏதோ ஒரு கருவியிலிருந்து, யாரோ இருமிய காற்றிலிருந்து அது வந்தது என்பதை அந்த வாக்கியம் அழகாக மறைத்துவிடுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன் மலைக் கிராமங்களில் பிரசவம் வீட்டில் நடந்தது. அதில் ஆபத்து அதிகம், சந்தேகமே இல்லை. அதனால்தான் அரசு "ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டது. உதவித்தொகை கொடுத்தது, 108 வண்டி விட்டது, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகள் கூடக் கட்டியது. பலன் கிடைத்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில் நடந்தவை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வீட்டில் பிரசவம் பார்த்த கிழவியின் கை அழுக்காக இருந்தால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் கேடு. மருத்துவமனையில் ஒரே கை அன்று பத்துப் பேரைத் தொடுகிறது. எல்லோரையும் ஓரிடத்துக்கு வரவழைத்தால், அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டிய கடமை பத்து மடங்காகிறது. கூப்பிட்டவருக்கு இருக்கும் கடன் அது.

இந்தக் கடனைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் இருக்கும் மிகக் கொடூரமான உதாரணம் ஆப்பிரிக்காவில் நடந்தது. 1976, ஜயிர் நாடு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு). யாம்புக்கு என்ற காட்டுக் கிராமத்தில் பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீகள் நடத்திய மருத்துவமனை. 120 படுக்கைகள், டாக்டர் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஆஸ்பத்திரியும் இல்லாததால் கூட்டம் அலைமோதும். தினமும் காலையில் செவிலியர்களுக்கு ஐந்து ஊசிகள் கொடுக்கப்படும். ஐந்தே ஐந்து! அன்று வருகிற நூற்றுக்கணக்கானவர்களுக்கும் அதேதான். ஒருவருக்குப் போட்டதும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி அடுத்தவருக்கு. மலேரியா என்று நினைத்து ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஊசி போட்டார்கள். அவருக்கு வந்திருந்தது, அதுவரை உலகம் பெயர் வைக்காத ஒரு நோய். பிறகு அருகிலிருந்த ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்: எபோலா.

318 பேருக்கு வந்தது, 280 பேர் இறந்தார்கள். மருத்துவமனை ஊழியர்கள் 17 பேரில் 11 பேர் போய்விட்டார்கள். வேலை செய்ய ஆளில்லாமல் ஆஸ்பத்திரியை மூடினார்கள். அதன் பிறகுதான் நோய் அடங்கத் தொடங்கியது. மருத்துவமனையை மூடியது மருந்தாக வேலை செய்தது என்றால் அதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

அந்தக் கன்னியாஸ்திரீகள் கெட்டவர்கள் இல்லை. சோம்பேறிகளும் இல்லை. சேவை செய்யத்தான் வந்தார்கள், அங்கேயே செத்தும் போனார்கள். அவர்கள் செய்தது சிக்கனம். இருப்பதைக் கொண்டு எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணச் சிக்கனம். அதுதான் கொன்றது.

"அது ஆப்பிரிக்கா, அதுவும் 1976. இன்றைக்கு ஊசி இரண்டு மூன்று ரூபாய், ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிறோம்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். அதிலும் தமிழ்நாடு கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கடைக்கோடி சுகாதார நிலையம் வரை அனுப்புவதைப் பார்த்து மற்ற மாநிலங்கள் பின்பற்றின. யாம்புக்குவில் இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் அந்தச் சிக்கனப் புத்தி போய்விட்டதா? வாணியம்பாடியைப் பாருங்கள். 2023-இல் நடந்தது, முழு விவரம் 2025-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. ஒரு பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்த பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ். எட்டுப் பேர் இறந்தார்கள். பல்வலிக்குப் போனவர்கள்! வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் துருவிப் பார்த்ததில் கிருமி கிடைத்த இடம், வாய் கழுவப் பயன்படுத்திய ஒரு சலைன் பாட்டில். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. சுத்திகரிக்காத ஒரு கருவியால் பாட்டிலைத் திறப்பது, மிச்சத்தை லேசாக மூடி வைப்பது, அடுத்த ஆளுக்கும் அதையே எடுப்பது. பாட்டிலில் பாதி மீதி இருக்கிறதே, எப்படிக் கொட்டுவது? எந்தத் தமிழ் வீட்டிலும் பாராட்டுப் பெறும் குணம் அது. ஐந்து ஊசிக்கும் இந்த ஒரு பாட்டிலுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இருக்கிறது, ஆனால் காரணம் ஒன்றே.

கை கழுவச் சொல்லிச் சுவரெங்கும் படம் ஒட்டுகிறார்கள். ஆறு படிகள், பச்சை அம்புக்குறி. படத்தில் குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது! மலை ஊர்களில் தண்ணீர் என்பது மோட்டார், மோட்டார் என்பது கரண்ட். ஐப்பசி அடைமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இரண்டும் இல்லை. கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி நீராவியில் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். சூடேறி, ஆறி, உலர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பிரசவம் வந்து, சுத்தமான கருவித் தட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த நர்ஸ் என்ன செய்வார்? அவருக்கு விதி தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? செம்மேட்டில் இப்படித்தான் நடக்கிறது என்று குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த மலை ஆஸ்பத்திரியிலும் இது நடக்க முடியும், நடந்தால் பழி கடைசியில் நிற்கும் நர்ஸ் தலையில்தான் விழும்.

2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'காயகல்ப்' திட்டத்தில் சுத்தமான மருத்துவமனைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆய்வுக் குழு வரும் நாளில் பளபளக்கும் தரை, கரண்ட் போன மூன்றாம் நாள் ராத்திரி எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போட ஆள் கிடையாது.

குழாயையே நம்பாமல் இருக்க ஒரு வழியை ஆப்பிரிக்கா காட்டியது. மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் புவான் ஜி என்ற பெரிய அரசு மருத்துவமனை. அங்கே உலக சுகாதார நிறுவனத்தின் கை சுத்தத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்காமல், உள்ளூர்க் கரும்பு ஆலைச் சாராயத்தைக் கொண்டு கைத்தேய்ப்பு மருந்தை அங்கேயே தயாரித்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையில் செய்தவர்களின் விகிதம் 8-லிருந்து 22 விழுக்காட்டுக்கு அருகே போனது. வெறும் 22-தானா என்று சிரிக்க வேண்டாம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு அது. (கரும்பு நாமக்கல்லுக்கும் புதிதில்லை, மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கிறது.) கொரோனா காலத்தில் பெட்டிக்கடையில் கூட சானிடைசர் தொங்கியது. இப்போது எங்கே?

அடுத்தது காற்று. கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூட இதை மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டுகெலா ஃபெரி என்ற ஊரில் 2005-06-இல் பல முக்கிய மருந்துகளுக்கு அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தார்கள், பலர் சளி எடுத்த சில வாரங்களுக்குள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு முன் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். எச்ஐவி-க்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில், பக்கத்துக் கட்டிலிலிருந்து காசநோயை வாங்கிக்கொண்டார்கள் என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இதிலிருந்து பாடம் கற்று ருவாண்டாவின் புட்டாரோ என்ற மலை ஊரில் 2011-இல் ஒரு மருத்துவமனை கட்டினார்கள். செம்மேட்டைப் போலவே மேடும் பள்ளமும் மேகமும் உள்ள ஊர். வார்டுகளுக்கு உயரமான கூரை, மேலே காற்று வெளியேற வழி, பெரிய மின்விசிறிகள். நோயாளிகள் அடைசலாக உட்காரும் உள் நடைபாதையே கிடையாது. நடைபாதையைக் கட்டிடத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள். உள்ளூர் எரிமலைக் கல், உள்ளூர்க் கொத்தனார்கள். அங்கே கிருமியைத் தடுக்கும் கருவி சுவர்தான்.

இங்கே பொதுவாக என்ன நடக்கிறது? சமவெளிக்கு வரைந்த அதே வரைபடத்தை மலைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மார்கழிப் பனியில் நடுங்கும் நோயாளி ஜன்னலைச் சாத்துவாரா, மாட்டாரா? சாத்துவார். வார்டில் இருமுகிற ஒருவர் இருந்தால் மற்ற எல்லோரும் அவர் விட்ட மூச்சைத்தான் விடிய விடிய இழுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று அறிவுரை சொல்வதற்கு முன் ஆளுக்கு இரண்டாவது கம்பளி கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும்.

நோயாளிகள் மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று அடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். மாத்திரை கொடுத்து அனுப்பும் டாக்டரை 'கைராசி இல்லாதவர்' என்று ஒதுக்கிவிட்டு, ஊசி போடும் ஆளைத் தேடிப் போவார்கள். தேவையில்லாத ஒவ்வொரு ஊசியும் தேவையில்லாத ஓர் ஓட்டை. ஆனால் கூட வரும் உறவுக்காரர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ராத்திரி தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவர்கள்தான். சம்பளமில்லாத அந்த நர்ஸ்களுக்கு யாரும் கை கழுவச் சொல்லிக் கொடுப்பதில்லை, விரட்ட மட்டும் செய்கிறார்கள்.

இன்னொருவரும் இருக்கிறார். ரத்தம் தோய்ந்த பஞ்சை எடுக்கும், வார்டைத் துடைக்கும் பெண். தொற்றுக் கட்டுப்பாடு என்று கருத்தரங்கு நடத்தினால் டாக்டர்கள் வருவார்கள், இந்தப் பெண்ணைக் கூப்பிட மாட்டார்கள். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. மஞ்சள் பை, சிவப்புப் பை, ஊசிக்கு வெள்ளை டப்பா என்று 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதையெல்லாம் கடைசியில் கையால் செய்கிறவர் அவர்தான். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. கழிவு வண்டி ஏற வேண்டிய சாலையில் மண் சரிந்தால் மூன்றாம் நாள் அந்தப் பை எங்கே இருக்கும்? ஒதுக்குப்புற ஊர்களுக்கு ஆழக்குழி தோண்டிப் புதைக்க விதியில் இடம் இருக்கிறது. மழை வந்தபின் தோண்ட முடியாது, முன்னாலேயே தோண்டி வைத்திருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்கச் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. தூரமும் ஏற்றமும் ஒரு செலவு என்று அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது. கட்டிடத்துக்கு மட்டும் அதை ஒப்புக்கொண்டால் போதாது. பிரசவத் தட்டு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர்த் தொட்டி, கைத்தேய்ப்பு மருந்து, கம்பளி, துடைக்கும் பெண்ணின் சம்பளம் எல்லாவற்றுக்கும் தலைக்கணக்கு பார்க்காமல் வளைவுக்கணக்கு பார்த்து ஒதுக்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா எடுக்க மலைக்கு வரும் அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கொல்லிமலைக்காரர்கள் இந்த ஒரு மனுவைக் கொடுத்துப் பார்க்கலாம்.