தூண்டில் வழிகாட்டி தாழ்ந்தவனா?



பள்ளி விடுமுறை தொடங்கியவுடன் நம் சிகாமட் வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கும் கட்டண மீன்குளத்திற்கும் புறப்பட்டு விடுகின்றனர். அப்பிள்ளைகளை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? "படிப்பு ஏறாதவன்", "உருப்படாதவன்" என்பன நாம் சூட்டும் பட்டங்கள். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம், "ஐயா, இவன் மீன் பிடித்துத்தான் பிழைக்கப் போகிறான். நீங்களாவது சொல்லித் திருத்தக் கூடாதா?" என்று வருந்தினார். அவர் அதனைச் சாபம் போலச் சொன்னார். நீரையும் மீனையும் அறிந்து, அறியாத பிறரை அழைத்துச் சென்று காட்டிப் பிழைப்பது சாபமா? அது கல்வியின்மையின் அடையாளமா? இல்லவே இல்லை என்பதே என் கட்சி. இக்கட்சியை மறுப்போர் இறுதிவரை படித்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.

அமெரிக்கக் கரையில் ஒரு தொழில்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 'தார்ப்பன்' என்றொரு பெருமீன் உண்டு. வெள்ளித் தகடு போன்ற செதில்கள். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். 100 கிலோவைக் கடந்த மீன்களும் உள. உண்பதற்காக இதனைப் பிடிப்போர் அங்கு அரியர். எனினும் ஆண்டுதோறும் வசந்தத்தில், ஏப்ரல் முதல் சூன் வரை, இம்மீனைத் தேடி நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் போக்கா கிராண்டே போன்ற கழிமுகங்களுக்கு வருகின்றனர். அவர்களைப் படகில் அழைத்துச் செல்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகள் அங்குளர்.

அவ்வழிகாட்டி அறிந்திருக்க வேண்டியவை யாவை? முழுநிலவிலும் அமாவாசையிலும் கடலோதம் எத்துணை உயரும், எந்நேரத்தில் வடியும் என்பது முதற்பாடம். வடியும் நீர் நண்டுகளைக் கழிமுகத்தின் வழியே கடலுக்கு அடித்துச் செல்லும். நண்டைத் தின்னத் தார்ப்பன் கூடும். இஃது இரண்டாம் பாடம். தார்ப்பன் நீரின் மேல் வந்து காற்றை விழுங்கும் மீன். அவ்வாறு அது புரளும் ஒரு நொடியில் அது செல்லும் திசையைக் கணிக்க வேண்டும். இது மூன்றாம் பாடம். அதன் வாய் எலும்பு போல் கடினமானது. தூண்டில் முள் எளிதில் தைக்காது. தைத்தபின் மீன் துள்ளி எழுந்தால் கோலைத் தாழ்த்தித் தங்கூசியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிடில் நரம்பு அறும். இதனைப் பயணிக்கு அந்நொடியிலேயே கற்பிக்க வேண்டும். வானவியல், இயற்பியல், உயிரியல், அவற்றோடு கற்பித்தல் திறன்! நம்முள் எத்தனை ஆசிரியர்கள் இந்நான்கையும் ஒரே படகில், ஆடும் தளத்தின்மீது நின்று கற்பிக்க வல்லோம்?

இன்னும் ஒன்றுண்டு. அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது. களைத்த தார்ப்பனைச் சுறா துரத்தி வரும்போது நரம்பை உடனே அறுத்து மீனை விடுவிப்பதா, பணம் கொடுத்த பயணி படம் எடுக்கும்வரை இழுப்பதா என்னும் முடிவு வழிகாட்டியின் கையில் உள்ளது. பணம் கொடுப்பவனை நோக்கி "போதும்" என்று சொல்லும் துணிவு அத்தொழிலின் உயிர்நாடி.

2013-ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் தார்ப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதித்தது. ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தார்ப்பனை, சாதனைப் பதிவுக்கான தனி அனுமதிச் சீட்டு இருந்தாலன்றி, நீரிலிருந்து வெளியே தூக்கவும் கூடாது. அதே ஆண்டில், அடியில் ஈயம் கோத்த ஒருவகைத் தூண்டில் போக்கா கிராண்டே கழிமுகத்தில் தடைசெய்யப்பட்டது. மீன் இரையைக் கவ்வாமலே அதன் உடலில் முள் மாட்டிக் கொள்கிறது என்பது அதன்மீது எழுந்த குற்றச்சாட்டு. அத்தடைக்காகக் குரல் கொடுத்தோருள்ளும் வழிகாட்டிகள் இருந்தனர். எதிர்த்தோருள்ளும் வழிகாட்டிகள் இருந்தனர். தம் தொழிலின் அறம் எது என்று தமக்குள்ளேயே வழக்காடும் மக்களைக் 'கூலிக்காரர்' என்று ஒதுக்க முடியுமா?

நம் நீரில் அதன் உறவு

"அஃது அமெரிக்கா, நமக்கென்ன?" என்பீர்கள். அம்மீனின் நெருங்கிய உறவு நம் கடலோரத்திலும் வாழ்கிறது. மலாய்க்காரர் அதனை 'ஈக்கான் பூலான்' என்பர். பூலான் என்றால் நிலா. தமிழில் அதற்கு 'மொரான் கெண்டை' என்று பெயர். தார்ப்பனைவிடச் சிறியது; பெரும்பாலும் முழங்கை அளவே காணப்படும். ஆயினும் அதே வெள்ளிச் செதில், அதே மேல்நோக்கிய வாய், அதே பெரிய கண். இதுவும் காற்றை விழுங்கி உயிர்க்கும் மீனே.

இதன் வரலாறு எந்தக் கதைப்புத்தகத்திற்கும் குறைந்ததன்று. கடலில் பிறக்கும் குஞ்சு, கண்ணாடி நாடா போன்ற உருவில் மிதக்கும். விலாங்கின் குஞ்சும் அவ்வாறே இருக்கும், இவ்விரண்டும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை ஆதலின். பிறகு அது கரையை அடைந்து, அலையாத்திக் காட்டின் தேங்கிய நீரில் வளரும். பிற மீன்கள் மூச்சுத் திணறும் அந்நீரில் இது மேலே வந்து காற்றுக் குடித்துப் பிழைத்துக் கொள்ளும். அதனைத் தின்ன வரும் பெருமீன்களோ அங்கு நுழைய அஞ்சும். அலையாத்திக் காட்டை அழித்தால் இம்மீனின் தொட்டிலை அழித்தோம் என்பதே பொருள்.

நம் ஊரின் நிலவியலை எண்ணிப் பாருங்கள். சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலக்கிறது. மூவார் ஆறு மூவார் நகரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. 2011-இலும் 2023-இலும் நம் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்து சென்ற வழி அதுவே. நாம் கடலற்ற ஊரினர் அல்லர்; ஆற்றின் மறுமுனையைக் காணாத ஊரினர்!

நெய்தல் திணையின் சிறுபொழுது எற்பாடு என்று மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அந்த எற்பாட்டு வேளையில் ஒரு கழிமுகத்தில் நீர் எப்பக்கம் ஓடுகிறது, எந்தப் பறவை எங்கு இறங்குகிறது, எந்த மீன் எதற்காகப் புரளுகிறது என்று ஒரு நாளேனும் காட்டினோமா? காட்டத் தெரிந்தவர் நம்மிடம் இல்லை. தெரிந்தவரை நாம் மதிப்பதும் இல்லை.

ரொம்பினில் கண்டது

சிகாமட்டிலிருந்து முவாட்சாம் ஷா வழியாகக் கிழக்கே சென்றால் பகாங் மாநிலத்தின் கோல ரொம்பினை அடையலாம். நமக்கு வசந்தம் என்றொரு பருவம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்ச்சு மாதத்தில் கடல் அடங்குவதே நம் தூண்டில்காரர்களின் வசந்தம். அப்போது தொடங்கும் பருவத்தில் வெளிநாட்டினரும் உள்நாட்டினரும் ரொம்பினுக்கு வருவது ஒரே மீனுக்காக. மலாய்க்காரர் அதன் முதுகுத் துடுப்பில் பாய்மரத்தைக் கண்டு 'லாயாரான்' என்றனர். தமிழன் அதே துடுப்பில் தோகையைக் கண்டு 'மயில் மீன்' என்றான். ஒரே துடுப்பு, இரண்டு மொழிகள், இரண்டு கண்கள்!

அங்குப் படகை நடத்தும் 'தெக்கோங்' தொலைவில் வட்டமிடும் கடற்பறவைகளைக் கண்டே அடியில் சிறுமீன் கூட்டம் இருப்பதை அறிகிறார். சிறுமீன் இருக்குமிடத்தில் மயில் மீன் இருக்கும் என்பது அவர் கணக்கு. பிடிபட்ட மீனைப் படகின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மெல்லப் படகைச் செலுத்துகிறார். செவுள்களின் வழியே நீர் பாய்ந்து மீன் தெளிவு பெற்றபின் விடுகிறார். இவ்வறிவு எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டத்திலும் அச்சிடப்படவில்லை. ஆனால், ஒரு நாள் பயணத்திற்கு அவரை நாடி வருவோருள் பட்டதாரிகள் உளர், மருத்துவர்கள் உளர். படகில் ஏறியபின் அவர்கள் மாணவர்கள், அவரே ஆசிரியர்.

நான் சென்ற பயணங்களில் தமிழ் இளைஞர் எவரையும் அப்பணியில் கண்டதில்லை. திறன் இல்லாததாலா? தோட்டத்து ஓடைகளில் வெறுங்கையால் கெளுத்தியும் விராலும் பிடித்த பாட்டனின் பேரர்கள் அல்லவா நம் பிள்ளைகள்? திறன் இருந்தது. அதனை மதிக்கும் மனம் நம்மிடம் இல்லை.

எழக்கூடிய மறுப்புகள்

"படிப்பு கெடும்" என்பது முதல் மறுப்பு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிந்தது. அத்தேர்வு நம் மனத்தில் மட்டும் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. ஓத அட்டவணையைப் படித்துப் புரிந்துகொள்ளும் சிறுவன் கணிதத்திலிருந்து ஓடுகின்றானா, கணிதத்திற்குள் நுழைகின்றானா?

"ஆபத்து" என்பது இரண்டாவது. உண்மை, கடல் விளையாட்டுத் திடல் அன்று. ஆதலால்தான் உரிமம் பெற்ற படகும், மிதவைச் சட்டையும், பருவமழைக் காலத்தில் கரையை விட்டு நீங்காத கண்டிப்பும் வேண்டும். ஆபத்தை அறிந்த வழிகாட்டி வேண்டும் என்பதற்கே இம்மறுப்பு சான்றாகிறது. வழிகாட்டியின்றி, எவருக்கும் சொல்லாமல், ஆற்றங்கரைக்குத் தனியே ஓடும் சிறுவனுக்கே ஆபத்து மிகுதி.

"உயிர்களைத் துன்புறுத்தலாமா?" என்பது மூன்றாவது. இதனை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. வள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர். அவ்வழி நிற்போரை வணங்குகிறேன். அவர்தம் பிள்ளைகள் தூண்டிலைத் தொட வேண்டா. பிடித்து விட்டுவிடுவதும் துன்பமற்ற செயல் அன்று. விடப்பட்ட மீன் எல்லாம் பிழைப்பதும் இல்லை. ஆனால், கிழமைதோறும் சந்தையில் மீன் வாங்கும் நாம் இம்மறுப்பைச் சொல்லும்போது சற்றே நாணல் நன்று. மேலும், நம் சங்கங்கள் நிதி திரட்ட நடத்தும் மீன்பிடிப் போட்டிகளில் எதற்குப் பரிசு தருகிறோம்? எடை மிகுந்த மீனுக்கு! மீனை வெயிலில் தூக்கிப் பிடித்து, செவுளுக்குள் விரலை நுழைத்துப் படம் எடுத்துப் புலனத்தில் பகிர்கிறோம். அருளுடைமை அப்போது எங்கே போயிற்று? ஈரக் கையால் தொடு, நீரிலேயே முள்ளைக் கழற்று, களைத்த மீனை மேலும் இழுக்காதே என்று கற்பிக்கும் வழிகாட்டியே அம்மீனுக்கு நம்மைவிட நெருங்கிய நண்பன்.

"இது தாழ்ந்த தொழில்" என்பது நான்காவது. வாய்விட்டுச் சொல்லாவிடினும் முதல் மூன்றையும் இயக்குவது இதுவே. வெயிலில் நின்று செய்யும் தொழில் எல்லாம் தாழ்வு, குளிரூட்டிய அறையில் அமர்ந்து செய்யும் தொழில் எல்லாம் உயர்வு என்னும் எண்ணம் தோட்டத்தில் நாம் பட்ட துன்பத்தின் வடு. அவ்வடுவை நான் அறிவேன், அதனை இகழேன். ஆனால், அந்த வடுவைப் பிள்ளைகளின் கண்ணில் கட்டும் துணியாக்கலாமா? இந்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். இயற்கை வழிகாட்டிக்கெனத் தனிப் பிரிவே உண்டு. அரசு உரிமம் வழங்கும் தொழிலுக்கு நாம் மரியாதை வழங்க மறுக்கிறோம்!

நாம் செய்யக் கூடியவை

1. ஆண்டுக்கு ஒருமுறை புறப்பாட நடவடிக்கையாக மாணவர்களை மூவார் கழிமுகத்திற்கோ பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாயிக்கோ அழைத்துச் செல்வோம். தஞ்சோங் பியாய் 2003-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அலையாத்திக் காடு. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. தூண்டில் வேண்டா, அவ்விடத்தை அறிந்த வழிகாட்டி ஒருவர் போதும்.

2. மீன்களின் தமிழ்ப் பெயர்களை வகுப்பறைச் சுவரில் ஏற்றுவோம். சியாக்காப் என்பது கொடுவா. கெராப்பு என்பது களவா. தெங்கிரி என்பது வஞ்சிரம். ஹாருவான் என்பது விரால். லாயாரான் என்பது மயில் மீன். பூலான் என்பது மொரான் கெண்டை. மலாய்ப் பெயரை மறக்கச் சொல்லவில்லை. இரண்டையும் அறிந்தவனே இருசாராருக்கும் வழிகாட்ட வல்லவன்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எடைக்குப் பரிசு தரும் போட்டிகளை நிறுத்தட்டும். மீனை அடையாளம் கண்டு, அது வாழும் இடத்தையும் உண்ணும் இரையையும் சொல்லும் மாணவனுக்குப் பரிசு தரட்டும்.

4. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டிக் கூட்டங்களுக்கு மருத்துவரையும் வழக்கறிஞரையும் அழைப்பது போல ஓர் இயற்கை வழிகாட்டியையும், ஒரு தெக்கோங்கையும் அழைப்போம். அவர்களுக்கும் மாலை அணிவிப்போம், முன்வரிசையில் இருக்கை தருவோம்.

எல்லாப் பிள்ளைகளும் வழிகாட்டிகள் ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. மருத்துவராக வேண்டியவர் மருத்துவராகட்டும். நீரை நோக்கி ஓடும் ஒரு பிள்ளையை இழிசொல்லால் தடுத்து, அவன் அறிந்ததை அறியாமை என்று அவனையே நம்பச் செய்யும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. அறியாதவரை அழைத்துச் சென்று, காட்டி, தீங்கின்றிக் கரை சேர்ப்பவருக்கு நம் மொழியில் ஆசான் என்று பெயர். அப்பெயரை மாதச் சம்பளம் வாங்கும் நாம் மட்டுமே சூடிக்கொள்வது முறையன்று.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள், வழக்காடுவோம்.