டைகர் போதும், ஒரு லாரி வாங்குங்க!

ஹாஸ்டல் மேசை விளக்கு வெளிச்சத்தில், தீப்பெட்டியை விடக் கொஞ்சமே நீளமான ஒரு ஷெர்மன் டாங்கிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக் கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த ரூம்மேட் கேட்டான்: "ஏன்டா, இந்த வயசுல பொம்மையா? அதுவும் சண்டை பொம்மை!"

முதல் கேள்விக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன் :-) இரண்டாவது மட்டும் ரெண்டு நாளாக மண்டையைக் குடைந்தது. அதற்கான பதில்தான் இது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் சேர்ப்பவை நூற்றில் ஒரு பங்கு அளவிலான இரண்டாம் உலகப் போர் வண்டிகள். நிஜ டைகர் டாங்கி, பீரங்கிக் குழாயோடு சேர்த்து சுமார் எட்டரை மீட்டர். நம்ம மேசையில் எட்டரை சென்டிமீட்டர். முதலில் ப்ரைமர், அப்புறம் அடிப்படை நிறம். பிறகு தண்ணீராகக் கரைத்த கறுப்பை விட்டால் இடுக்குகளில் போய்த் தங்கும். கடைசியில் பெயின்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் விளிம்புகளில் தேய்த்தால் இரும்புத் தேய்மானம் வந்துவிடும். இப்படித் தயாரான வண்டிகளை அளவு நாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவோம்.

இது போரைக் கொண்டாடுவதா? இந்த விளையாட்டுக்கு 1913-லேயே விதிகள் எழுதிப் புத்தகம் போட்டவர் எச்.ஜி.வெல்ஸ். உண்மைப் போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பொம்மைப் போர் ஆடினாலே புரிந்துவிடும் என்பதுதான் அதில் அவர் சொன்னது. அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. புரிய வேண்டியவர்கள் ஆடவில்லை போலும்.

எனக்கும் இந்தப் பொழுதுபோக்கு சிலதைப் புரிய வைத்தது. 1942 ரஷ்யச் சண்டைக்காக ஒரு ஜெர்மன் டாங்கிக்கு அழகாக மஞ்சள் அடித்து வைத்திருந்தேன். அப்புறம் படித்தால், 1943 பிப்ரவரியில்தான் மஞ்சள் அடிப்படை நிறமானதாம்! அதற்கு முன் ரஷ்யாவில் ஓடியவை அடர் சாம்பல் நிறம். அந்தத் தப்பால்தான் போர் வரலாற்றைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் ரூம்மேட் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிரச்சினை, நாம் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான். யார் மேசையைப் பார்த்தாலும் டைகர், டைகர், டைகர்! நிஜத்தில் ஜெர்மனி கட்டிய டைகர்-1 சுமார் 1,350. அமெரிக்கா கட்டிய ஷெர்மன் கிட்டத்தட்ட 50,000. நம் மேசையை மட்டும் பார்த்து வரலாறு படித்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். டைகர் மேல் வந்த மோகம் மெல்ல அதை ஓட்டியவர்கள் மேலும் படர்கிறது. 'ஹிட்லரின் படை என்றாலும் என்ன கம்பீரம்' என்று பேச ஆரம்பிக்கிறோம். எனக்குப் பயமாக இருப்பது இந்த இடம்தான்.

கம்பீரம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1944 டிசம்பரில், பெல்ஜியத்தின் லா க்ளேஸ் கிராமத்தில் சிக்கிய ஒரு ஜெர்மன் கவசப்படைக்கு எரிபொருள் தீர்ந்துபோனது. வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு இரவோடு இரவாக நடந்தே தப்பினார்கள். அப்படி விட்டுப்போன கிங் டைகர் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது.

எதிர்த் தரப்பில், அதே 1944-ல் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்சில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் இரவு பகலாக லாரிகள் ஓடின. பெட்ரோல், குண்டு, சாப்பாடு எல்லாம் அவற்றில்தான் போர்முனைக்குப் போனது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். சொந்த ராணுவத்திலேயே வெள்ளையர்களிடமிருந்து தனியாகப் பிரித்து வைக்கப்பட்டவர்கள். அந்த லாரிகள் நம்மில் எத்தனை பேர் மேசையில் இருக்கின்றன?

பகடை ஆட்டத்தில் லாரி எதையும் சுடாது, அதனால் யாரும் வாங்குவதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: டைகர் வாங்குங்கள், தப்பில்லை. கூடவே ரெண்டு லாரியும், எரிந்து கருகிய ஒரு டாங்கியும் பெயின்ட் அடித்து மேசையில் வையுங்கள். ஷெர்மனோ டைகரோ, உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். அந்தக் கரியைத் தீட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும்.

ரூம்மேட்டுக்கு இதைத்தான் சொன்னேன். பதில் சொல்லாமல், மேசையில் கிடந்த லாரியை எடுத்து, "இதுக்கு என்ன கலருடா?" என்றான். பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டேன்.