வீராம்பட்டினம் பக்கம் மணல்... குருசுக்குப்பத்தில் கருங்கல்: புதுச்சேரி கடற்கரையை மீட்கப் போராடியவர்கள் கேட்டது என்ன?

ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் கோயில் தேரோட்டம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வடம் பிடிப்பார், இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். டிவியில் நீங்களும் பார்த்திருப்பீங்க.

தேர் பார்க்கப் போனவர்கள் அப்படியே கடற்கரையில் வடக்குப் பக்கமா நடந்தா, துறைமுகத்தோட கல் சுவர் வரும். அந்தச் சுவரை ஒட்டி மணல் நல்லா அகலமா விரிஞ்சு கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் வடக்கே இருக்கிற குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போய்ப் பாருங்க. அங்கே பல இடத்தில் மணலே கிடையாது. வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது கருங்கல் மட்டும்தான்.

ஒரே கடல்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, அதை அரசு வரைக்கும் கொண்டுபோனது புதுச்சேரி மக்களேதான். இந்தியாவில் பொதுமக்கள் நடத்திய சுற்றுச்சூழல் போராட்டங்களில் பாதி ஜெயித்தது என்று சொல்லக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று. மீதிப் பாதி ஏன் ஜெயிக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

மணல் நடந்து போகுமா?

போகும். நம்ம கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை கரையில் கொஞ்சம் சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது திரும்பி தெற்கே போகும். ஆனா வருஷக் கணக்கு போட்டா, வடக்கே போவதுதான் அதிகம். அளவு லட்சக்கணக்கான கன மீட்டர். ஒரு டிப்பர் லாரிக்கு சுமார் 10 கன மீட்டர் என்று வைத்தாலும், ஒரு லட்சம் கன மீட்டருக்கே 10,000 லோடு ஆகுது.

அதாவது வீராம்பட்டினம் கரையில் இன்றைக்கு இருக்கிற மணல், இயற்கையா விட்டிருந்தா, கொஞ்ச நாளில் புதுச்சேரி நகரத்துக் கரை. அதுக்கப்புறம் கோட்டக்குப்பம், அப்புறம் பொம்மையார்பாளையம்.

இதை மறித்தது எது?

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் 1986-ல் துறைமுக வேலை தொடங்கி, 1989-ல் முடிந்தது. படகுகள் உள்ளே வர வழி வேணும் என்பதற்காக முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் வீராம்பட்டினம் பக்கத்துச் சுவரில் முட்டி நின்றது. வடக்கே போக வேண்டிய வரத்து நின்னுபோச்சு. ஆனா வடக்கே ஏற்கெனவே இருந்த மணல் நகர்வதை நிறுத்தவில்லை. புதுசா எதுவும் வராம, இருந்ததும் போனது. கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த மணல்வெளி சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது இப்படித்தான்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு வந்தது 1991-ல். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994-ல். துறைமுகம் இரண்டுக்கும் முந்தியது. அதுக்காக, அன்றைக்கு யாருக்கும் இது தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய் விட வேண்டும் என்ற ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அதைத் தொடர்ந்து செய்யவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் செய்த தவறைவிட இது மோசம் என்றுதான் தோணுது.

ஏன் எல்லாரும் கல்லையே கேட்டார்கள்?

வீட்டுக்குள் அலை வந்தா எந்த ஊர்க்காரரும் முதலில் கேட்பது கல். அரசுக்கும் அது சுலபம். டெண்டர் விடலாம், லாரி லாரியா கொட்டலாம், அமைச்சர் வந்து பார்க்கலாம். புதுச்சேரியில் கல்லின் மேல் நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமியில் நகரத்தின் மையப்பகுதி பெரிய அளவில் தப்பியது. கடற்கரைச் சாலையின் கல் சுவர்தான் காப்பாத்துச்சு என்று மக்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மீனவக் குப்பங்களுக்கு அப்படி எந்தச் சுவரும் இல்லை. அங்கே நடந்ததைப் பார்த்தவர்களிடம் போய் 'கல் வேண்டாம்' என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

ஆனா கல் என்ன செய்யும்? கொட்டின இடத்தில் நிலத்தைக் காக்கும், மணலைக் கொண்டுவராது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும், அதனால் சில ஆண்டுகளில் கல்லே சரியும். இன்னொன்று, அரிப்பு நிற்காது, அடுத்த ஊருக்குத்தான் போகும். நகரத்தில் கல் கொட்டியதும் அரிப்பு சோலை நகரைத் தாண்டி தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் தூண்டில் வளைவு கட்டியதும் அதற்கு வடக்கே இருந்த ஊர்கள் மாட்டிக்கொண்டன. வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் எப்போதும் அடி.

படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காயவைப்பது என்ற கேள்வியும் இருக்கு. ஃபைபர் படகை கருங்கல் மேல் இழுக்க முடியாது. கரை போனால் மீனவருக்குத் தொழில் செய்யும் இடமே போகுது. இது சுற்றுலாப் பயணி 'வியூ' போச்சே என்று வருத்தப்படும் விஷயம் மட்டும் இல்லை.

மக்கள் இயக்கம் எங்கே நுழைந்தது?

2000-களின் நடுவில் புதுச்சேரியில் பெரிய ஆழ்கடல் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது. தனியார் கூட்டமைப்போடு ஒப்பந்தமும் போடப்பட்டது. சின்னத் துறைமுகமே கரையைத் தின்றுவிட்டது, பெரிய துறைமுகம் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் தேங்காய்த்திட்டு மக்கள், மீனவர்கள், நகரவாசிகள் எல்லாரும் எதிர்த்தார்கள். அந்தத் துறைமுகம் வரவே இல்லை.

இந்தக் காலகட்டத்தில் உருவானதுதான் 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு. புரோபீர் பானர்ஜி போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். இவர்கள் செய்த முக்கியமான வேலை, என் பார்வையில், ஊர்வலமோ வழக்கோ இல்லை. கோரிக்கையை மாற்றியதுதான். 'கல் கொடுங்க' என்று கேட்டுக்கொண்டிருந்த ஊரில் 'மணலைத் திருப்பிக் கொடுங்க' என்று கேட்க வைத்தார்கள்.

அதற்காக பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். வல்லுநர்களை அழைத்து வந்தார்கள். சேகர் தத்தாத்ரி எடுத்த ஆவணப்படம் நாடு முழுக்கப் போனது. 2012-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து இந்தியக் கடற்கரையின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் விஷயம் போனது. 'இது கடலின் சீற்றம் இல்லை, நாம் கட்டியதன் விளைவு' என்ற வாதம் அப்போதுதான் அரசுக் கூட்டங்களில் பேசப்பட ஆரம்பித்தது.

2018-ல் கடலுக்குள் இறங்கிய 900 டன்

கடைசியில் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் களத்தில் இறங்கியது. இதன் அலுவலகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கு. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்பு அமைப்பை 2018-ல் இறக்கினார்கள். நீளம் 60 மீட்டர், அகலம் 50 மீட்டர், எடை சுமார் 900 டன். தண்ணீருக்கு அடியில் இருப்பதால் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வேலை எளிமையானது. பெரிய அலை இதன் மேல் ஏறும்போதே உடைந்து வேகம் குறையும். பின்னால் தண்ணீர் கொஞ்சம் அமைதியாகும், மணல் அங்கே தங்கும். கூடவே முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் நிரப்பினார்கள். காந்தி சிலைக்கு வடக்கே பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி மணல் வந்தது. சாலையில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தலைமுறை முதல்முறையா அங்கே காலை நனைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய வெற்றிதான்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. திட்டம் இரண்டு பாகம் கொண்டது. வடக்கே இந்த ஆப்பு, தெற்கே இன்னொரு அமைப்பு, இரண்டுக்கும் நடுவே மணல். தெற்கு அமைப்பு கூடவே வரவில்லை. அந்தத் தெற்குப் பக்கத்தில்தான் 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் இடிந்து விழுந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், கடலுக்குள் இறக்கிய ஆப்பு புதுசா மணலை உண்டாக்காது. வருகிற மணலைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. வரத்து எங்கிருந்து வரணும்? வீராம்பட்டினம் பக்கமிருந்துதான். அங்கே சுவரில் முட்டி நிற்கும் மணலையும், சுவரைச் சுற்றி வந்து முகத்துவாரத்தை அடைக்கும் மணலையும் வருஷா வருஷம் எடுத்து வடக்கே விடணும். இதை ஒரு திட்டமாகப் போட்டு ரிப்பன் வெட்டிவிட்டு முடிக்க முடியாது. குப்பை அள்ளுவது மாதிரி ஓயாத வேலை. நம்ம அரசு அமைப்புகளுக்கு கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், ஓட்டுவதற்குக் கிடைக்காது.

இதில் வீராம்பட்டினத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கரை கிடைத்த ஊர்தானே? ஆனா முகத்துவாரம் தூர்ந்து போனா படகு தட்டும், கவிழும், நேரத்துக்குக் கடலுக்குப் போக முடியாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தைப் பயன்படுத்தும் மீனவர்கள் தூர்வாரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது இதற்குத்தான். அதாவது தெற்கே இருப்பவர்களுக்கு மணல் வேண்டாத இடத்தில் இருக்கு, வடக்கே இருப்பவர்களுக்கு வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு பேரின் கோரிக்கையும் ஒரே வேலையில் தீரும். ஆனா இரண்டு பேரும் தனித்தனியா மறியல் செய்கிறார்கள். ஒருவர் 'தூர்வாரு' என்கிறார், இன்னொருவர் 'கல் கொட்டு' என்கிறார்.

மக்கள் இயக்கத்தின் பலவீனமும் இங்கேதான் என்று நினைக்கிறேன். நகரத்தில், ஆங்கிலத்தில், வரைபடத்தோடு பேசியது டெல்லி வரை எட்டியது. குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அதே அளவு எட்டவில்லை. வீராம்பட்டினம் கரையிலிருந்து மணல் எடுப்பதாக இருந்தால், எவ்வளவு, எந்த மாதம், எந்த இடத்தில் என்று முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து பேசணும். அதே ஊரை ஒட்டிய சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குடை, இருக்கை, நடைபாதை எல்லாம் வந்தது. நல்லதுதான். சுற்றுலாவுக்கு அங்கே கிடைத்த கவனம் முகத்துவாரத்துக்கும் கிடைக்கணும்.

எல்லைக்கோடு தரும் சிக்கல்

புதுச்சேரியில் கரை வரிசையா ஒரே அரசிடம் இல்லை. சோலை நகர் வரை புதுச்சேரி. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டி பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. மணலுக்கு இந்த எல்லை தெரியாது. புதுச்சேரி துறைமுகம் மறித்த மணலுக்காக தமிழ்நாட்டு ஊரில் வீடு போகுது. தமிழ்நாடு கட்டும் தூண்டில் வளைவால் பிள்ளைச்சாவடிக்கு வரத்து குறையுது. மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால் எந்த அரசு வந்து பதில் சொல்வது?

இதே சிக்கல் ஆஸ்திரேலியாவில் இருந்தது. ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960-களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சுவரை நீட்டியது. பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரை மணல் இல்லாமல் அரிபட்டது. பல ஆண்டு சண்டைக்குப் பிறகு 1990-களில் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டன. 2001 முதல் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு பாலத்திலிருந்து பம்ப் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியா வடக்கே தள்ளுது. செலவை இரண்டு மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. நிலவரம் கிட்டத்தட்ட நம்ம ஊர்தான். அங்கே இருக்கும் அந்த ஒப்பந்தம்தான் இங்கே இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் செங்கல்பட்டு மாவட்டம் ஆலம்பரைக்குப்பம் தூண்டில் வளைவு வழக்கில், கடற்கரை மேலாண்மைத் திட்டம் தயாரிக்காமல் இப்படிக் கட்டிக்கொண்டே போகக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. அந்தத் திட்டத்தை தமிழ்நாடு தனியா, புதுச்சேரி தனியா போட்டால் கோட்டக்குப்பம் எல்லையில் வந்து இரண்டும் மோதும். நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாக மத்திய கடற்கரை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வே சொல்லுது. அதனால இது ஒரு ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

சரி, ஒரு சாதாரண ஆள் எதைக் கவனிக்கலாம்? முகத்துவாரத்தில் தூர்வாரும் வேலை நடக்கும்போது, எடுக்கிற மணல் எங்கே போகுதுன்னு பாருங்க. வடக்கே குருசுக்குப்பம் கரைக்குப் போனா சரி. ஆழ்கடலில் கொட்டினாலோ, லாரி ஏறி வேறு எங்காவது போனாலோ, அது எந்த உத்தரவின் பேரில் என்று துறைமுகத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.