அது சாகசம் இல்லை, கடன்

போன வாரம் மச்சினர் பையன் குர்காவ்ன்லேர்ந்து ஃபோன் பண்ணினான். "மாமா, நாலு பேரு பைக்ல லே போறோம். மணாலி வழியா. சும்மா கெத்தா இருக்கும்ல?"

"பெட்ரோல் எங்கெங்க போடப் போறீங்க?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "மாமா, நீங்க இன்னும் பேங்க் மேனேஜராவே இருக்கீங்களே! பங்க் வரும், போட்டுக்குவோம். இல்லேன்னா போற வர்றவங்க யாராவது குடுப்பாங்க. அதுதானே அட்வென்ச்சரே!"

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. இவன் மட்டும் சொல்லலை. லடாக் போய்ட்டு வந்த பாதிப் பேர் இதைத்தான் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறாங்க. "பெட்ரோல் தீர்ந்து நடுரோட்ல நின்னோம் பாஸ், செம அனுபவம்!" மன்னிக்கணும். அது அனுபவமும் இல்லை, சாகசமும் இல்லை. அடுத்தவன் டேங்க்லேர்ந்து அவன் சம்மதம் கேக்காம எடுத்த கடன். இருபது வருஷமா கடன் குடுத்து வசூல் பண்றவன் சொல்றேன், அதுவும் திருப்பிக் கட்டாத கடன்.

மொதல்ல நிலவரத்தைச் சொல்லிடறேன். மணாலிலேர்ந்து அடல் சுரங்கம் (2020 அக்டோபர்ல திறந்தாங்க, 9 கிலோமீட்டர்) தாண்டி லாஹௌலுக்குள்ள இறங்கினா தாண்டின்னு ஒரு சின்ன ஊர். சந்திராவும் பாகாவும் கலந்து செனாப் ஆகுற இடம். அங்க ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்துல ஒரு போர்டு, 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்'னு. எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கறாங்க. எத்தனை பேர் அந்த நம்பரைத் தன் டேங்கால வகுத்துப் பாக்கறாங்க? லேக்கு ஒரு 35 கிலோமீட்டர் முன்னாடி காரூவுல பங்க் இருக்கு, உண்மைதான். அங்க அன்னிக்கு ஸ்டாக் இருக்கும்னு யார் உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்க? அதனால கணக்குல 365 தான் கணக்கு.

நம்ம ஆளுங்களுக்கு இந்தத் தைரியம் எங்கேர்ந்து வருதுன்னா, நாற்பத்தி நாலாம் நம்பர் நெடுஞ்சாலைலேர்ந்து. லீவுக்கு வடக்கேர்ந்து ஊருக்குக் காரை ஓட்டிட்டுப் போறோம் இல்லையா, வழி பூரா பங்க். ஒண்ணை விட்டா இன்னொண்ணு. கழிவறை சுத்தமா இருக்கான்னு பாத்துப் பங்க்கைத் தேர்ந்தெடுக்கிற சொகுசு. அந்தப் பழக்கத்தை அப்படியே மலைக்கு எடுத்துட்டுப் போறோம்.

சரி, இவ்வளவு பேசற நான் யோக்கியமா? இல்லை. அதனாலதான் பேசறேன்.

2022 ஜூலை. சண்டிகர்லேர்ந்து நானும் தங்கமணியும். என் வண்டி பழைய 350 சிசி, கார்புரேட்டர், டேங்க் 13 லிட்டர். சண்டிகர் ரோட்ல தனியா ஓட்டினா லிட்டருக்கு 35 குடுக்கும். மணாலில ஃபுல் டேங்க். தாண்டிக்கு வந்தா பங்க்ல நீள க்யூ. பி.காம். படிச்ச மூளை உடனே வேலை செஞ்சுது: 13 பெருக்கல் 35, 455 கிலோமீட்டர். மணாலிலேர்ந்து லே வரைக்குமே சுமார் 430. "போதும், கிளம்பலாம்"னு சொல்லிட்டேன். தங்கமணி, "எதுக்கும் போட்டுடலாமே"ன்னா. நான் ஒரு சிரிப்பு சிரிச்சேன். மச்சினர் பையன் சிரிச்சானே, அதே சிரிப்பு.

ராத்திரி சர்ச்சூ. மறுநாள் காட்டா லூப்ஸ், இருபத்தியொரு கொண்டை ஊசி வளைவு. அப்புறம் லாச்சுங் லா, 5000 மீட்டருக்கு மேல. ரெண்டு பேர், ரெண்டு பக்கமும் பை, பாதி நேரம் ரெண்டாம் கியர். பாங் தாண்டினதும் வண்டி இருமுச்சு. ரிசர்வுக்குத் திருப்பினேன். பாங்ல டென்ட் டென்ட்டா ஏறி இறங்கிக் கேட்டிருந்தேன், அன்னிக்கு யார்கிட்டயும் பெட்ரோல் இல்லை. டங்லாங் லா உச்சிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்னுடுச்சு. மீட்டர்ல 312. அதாவது லிட்டருக்கு 24.

சாயங்காலம் அஞ்சு மணி. காத்து ஆளைத் தள்ளுது. மொபைல்ல சிக்னல்ங்கிற பேச்சே இல்லை. தங்கமணிக்கு உயரத்தால காலைலேர்ந்தே தலைவலி, ஒரு கல்லுல உக்காந்துட்டா. ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். லாரி நாலஞ்சு போச்சு, நிறுத்தவும் செஞ்சாங்க. எல்லாம் டீசல்.

முக்கால் மணி நேரம் கழிச்சு எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஒரு பைக். புனே நம்பர். ஐம்பது வயசுக்காரர், பின்னாடி காலேஜ் படிக்கிற பையன். லேலேர்ந்து மணாலிக்கு இறங்கறாங்க. பேசவே இல்லை, கேனை அவுத்து என் டேங்க்ல ரெண்டு லிட்டர் ஊத்தினார். காசு நீட்டினேன், கையைத் தட்டி விட்டுட்டார். "ஏழெட்டு கிலோமீட்டர் ஏறிட்டா அப்புறம் இறக்கம்தான், காரூ வரைக்கும் தாங்கும்"னு ஹிந்தில சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

தாங்குச்சு. இறக்கத்துல ஆக்ஸிலரேட்டரைத் தொடாம உருட்டிக்கிட்டே காரூ போய்ச் சேந்தோம். கதை சுபம்னு நினைப்பீங்க. ராத்திரி லேல ரூம்ல படுத்த பிறகுதான் எனக்குக் கணக்கே உறைச்சுது. அவங்க தாண்டி போய்ச் சேர இன்னும் 250 கிலோமீட்டர் இருந்தது. வழில காட்டா லூப்ஸ் இறக்கம்னாலும், அதுக்கு முன்னாடி லாச்சுங் லா ஏறணும், பின்னாடி பாராலாச்சா ஏறணும். அந்த ரெண்டு லிட்டர் அவங்களோட 50 கிலோமீட்டர். அவர் பையனோட 50 கிலோமீட்டர். நான் பேர் கூடக் கேக்கலை. அவங்க ஒழுங்காப் போய்ச் சேந்தாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"யாராவது குடுப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் என் பதில். ஆமா, குடுப்பாங்க. மலையில போறவன் இல்லைன்னு சொல்ல மாட்டான். அவன் நல்லவன்ங்கிறதை நம்ம ப்ளான்ல ஒரு வரியா எழுதி வெச்சுக்கறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! தண்ணி கேட்டா குடுப்பாங்கன்னு பாலைவனத்துக்கு வெறுங்கையோட போறவனை சாகசக்காரன்னா சொல்லுவோம்?

இன்னொரு கோஷ்டி, "வண்டி 35 குடுக்குதே"ன்னு சொல்றவங்க. பேங்க்ல நூறு ரூபா நகைக்கு நூறு ரூபா கடன் குடுப்போமா? மார்ஜின் வெச்சுதான் குடுப்போம். மைலேஜும் அப்படித்தான். ஃபுல்லா நிரப்பி, ஓட்டி, திரும்ப ஃபுல்லா நிரப்பி, ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால வகுங்க. கம்பெனிக்காரன் சொல்றது, ஃப்ரெண்டு சொல்றது எதுவும் வேண்டாம். வர்ற நம்பர்ல மூணுல ஒரு பங்கை மலைக்குன்னு வெட்டிடுங்க. 35 வந்தா 23ன்னு வெச்சுக்குங்க. என் 24க்கு எவ்வளவு பக்கம் பாருங்க. 365ஐ 23ஆல வகுத்தா கிட்டத்தட்ட 16 லிட்டர். டேங்க் 13. மிச்சம் 3 லிட்டரும், வழி மறிச்சா சுத்திப் போக ஒரு 2 லிட்டரும் சேத்து, 5 லிட்டர் கேன். அவ்வளவுதாங்க. அஞ்சாங்கிளாஸ் வகுத்தல்.

எத்தனால் வேற இருக்கு. 20 சதவீதம் கலந்த பெட்ரோல்ல பழைய டூவீலர்களுக்கு மைலேஜ் 3லேர்ந்து 4 சதவீதம் குறையும்னு 2021லயே நிதி ஆயோக் நிபுணர் குழு அறிக்கையில போட்டிருக்காங்க. சின்ன நம்பர்தான். 365 கிலோமீட்டர்ல அது பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர். நான் நின்னது உச்சிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னாடி.

"என் வண்டி புதுசு மாமா, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்"னான் பையன். உயரத்துல காத்து குறைஞ்சா கார்புரேட்டர் அளவுக்கு அது பெட்ரோலை வீணாக்காது, ஒத்துக்கறேன். ஆனா அதுல ரிசர்வுக்குத் திருப்பற குமிழே கிடையாது, ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். டேங்க்குக்குள்ள இருக்கற பம்ப் சூடாகாம இருக்கறதே பெட்ரோல்ல முங்கி இருக்கறதாலதான். காய விட்டா பம்ப்புக்கே ஆபத்து. டங்லாங் லாவுல மெக்கானிக்கைத் தேடுவீங்களா?

அதனால, வடக்க இருக்கற நம்ம குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். பையனோ பொண்ணோ லே கிளம்பறேன்னா "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா, சாப்டியா"ன்னு மட்டும் கேக்காதீங்க. டேங்க் எத்தனை லிட்டர், மைலேஜ் நீயே அளந்ததா, கேன் இரும்பா பிளாஸ்டிக்கான்னு கேளுங்க. பிளாஸ்டிக் பாட்டில்னா போக விடாதீங்க, உயரம் ஏற ஏற உப்பும், கசியும். மணாலில வாடகை வண்டின்னா அதோட மைலேஜ் யாருக்குமே தெரியாது, இன்னும் ஒரு லிட்டர் கூட வெச்சுக்கச் சொல்லுங்க. தாண்டில க்யூ எவ்வளவு நீளமா இருந்தாலும் நிக்கச் சொல்லுங்க. சில்லறையா நோட்டும் குடுத்து விடுங்க, நெட் இல்லாத இடத்துல ஸ்கேன் பண்ண முடியாது.

மச்சினர் பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "ஓக்கே மாமா, கேன் வாங்கிடறேன்"னான். "5 லிட்டர் வேண்டாம்டா, 7 லிட்டருக்கு வாங்கு"ன்னேன்.

"எதுக்கு மாமா ரெண்டு லிட்டர் எக்ஸ்ட்ரா?"

"அது உனக்கில்லைடா. வழியில யாராவது நிப்பான், அவனுக்கு ஊத்திட்டு வா. என் பேர்ல ஒரு கடன் பாக்கி இருக்கு."

டிஸ்கி: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "எதுக்கும் போட்டுடலாமேன்னு நான் சொன்னதைத் தடிமன் எழுத்துல போடுங்க"ன்னு உத்தரவு. போடத் தெரியலைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கேன் :-)