அதிர்வைத் தணிக்கும் வளையம்

மருதடிப் பிள்ளையார் கோயில் மணியை ஒருமுறை அடித்தால் நாதம் நெடுநேரம் நிற்கும். மணியின் மீது உள்ளங்கையை வைத்தாலோ அது உடனே அடங்கிவிடும். மோட்டார் எஞ்சினிலும் இத்தகைய ஒரு கை உண்டு. அதுவே 'ஹார்மோனிக் பலன்சர்' எனப்படும் அதிர்வுத் தணிப்பான். 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். அவ்வூரிலிருந்து எழுதும் நாம் எஞ்சின் நுட்பத்தைத் தமிழிற் கூற முற்படுவது பொருத்தமேயாம்.

சிலிண்டரில் எரிபொருள் எரியுந்தோறும் 'கிராங்க் ஷாப்ட்' என்னும் வணரித்தண்டு சிறிது முறுகி மீள்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், தண்டு விநாடிக்கு 100 அடிகளை ஏற்கிறது. இவ்வடிகள் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துவிட்டால், தருணமறிந்து தள்ளிய ஊஞ்சலைப் போல அதிர்வு பெருகும். பௌதிக நூல்கள் இதனைப் பரிவு என்னும். பரிவு முற்றினால் உருக்குத் தண்டும் முறியும். இதனைத் தடுப்பதற்கே தணிப்பான். நடுவிலே குடம், வெளியே கனத்த வளையம், இடையிலே இறப்பர்; இதுவே அதன் பொதுவான அமைப்பு.

நம் குடாநாட்டில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் முதலிய சிறு கார்கள் பலவற்றில் தண்டின் முனையில் வெறும் கப்பியே இருந்தது. அதனைத் தட்டிப் பொருத்திய கை, தணிப்பானிடமும் சுத்தியலை எடுத்தால் கேடு விளையும். இறப்பர் கிழியும், வளையம் இடம் பெயரும், தண்டின் தாங்கிகளும் அடிபடும். குறை அன்று தெரியாது. பின்னொரு நாள் பாரமேற்றிய லொறி நடுவழியில் நிற்கும்போதே தெரியும். அந்த லொறியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

முறை யாது? கழற்றும்போது குடத்தைப் பற்றியே இழுக்க வேண்டும். வெளி வளையத்தைப் பற்றலாகாது. தண்டின் முனையைத் துடைத்து, சாவிக்கட்டையும் அதன் பள்ளமும் பழுதற்றனவா எனப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தடுப்பு உராயும் இடத்தில் சிறிது எண்ணெய் பூச வேண்டும். பின்பு, பொருத்துவதற்கென அமைந்த நீண்ட திருகாணியைத் தண்டின் புரியினுள் அதன் விட்டத்தின் அளவுக்கேனும் செலுத்தி, நட்டை மெல்லத் திருக வேண்டும். தணிப்பான் நேராக உட்சென்று அடியிற் பதியும். எஞ்சினின் சொந்தப் போல்ட்டைக் கொண்டே இழுத்தால் சில புரிகள் மாத்திரமே பாரத்தைத் தாங்க, அவை உரிந்துபோகக்கூடும். தணிப்பான் பதிந்த பின்னரே அந்தப் போல்ட்டைப் பூட்டி, தயாரித்தோர் கைநூலிற் குறித்த அளவுக்கு, முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும்.

தொழில் பழகும் இளைஞர் இதனைக் கையாலும், கல்லூரி மாணவர் கணக்காலும் அறிகின்றனர். இருவரும் ஓர் எஞ்சினருகே நின்று உரையாடுவாராயின், இருவர் கல்வியும் நிறைவுபெறும் என்பது நமது துணிபு.