மலைக் கேரட் மதுரைக்கு... பாக்கெட் பிள்ளைக்கு!

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, பஸ் நிற்கிற கடைசி ஊர், எங்கள் கிளாவரை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு தான் பிழைப்பு. இந்த மலைப்பூண்டுக்கு, 2019ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

என் மகள், 9ம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன், பள்ளியில் ரத்தம் பரிசோதித்து, 'ரத்த சோகை' என்று சீட்டு எழுதிக் கொடுத்தனர். 'காய்கறி விளையுற வீட்டுப் பிள்ளைக்கா...' என, என் மாமியார் வாயில் கை வைத்து விட்டார்.

யோசித்தால், தப்பு எங்களிடமும் தான். நல்ல கேரட்டெல்லாம் கழுவி, மூட்டை கட்டி, மதுரைக்கும், ஒட்டன்சத்திரத்துக்கும் லாரி ஏறி விடும். ரெண்டு கால் முளைத்தது, ஒடிந்தது எல்லாம் மாட்டுக்கு. நான் காட்டுக்குப் போகிற அவசரத்தில், பிள்ளைக்கு வரக்காபி. சாயந்திரம், அவளே வாங்கித் தின்கிற, அஞ்சு ரூபாய் பாக்கெட்!

பள்ளியில் பாடம் நடத்தாமல் இல்லை. 'கேரட்டுல என்ன சத்து?' என்றால், கடகடவென ஒப்பிக்கிறாள். 'அப்ப தின்னேன்டி' என்றால், 'போம்மா...' என்கிறாள். பரீட்சைக்குப் படித்தது, பரீட்சையோடு போச்சு.

ஊருக்கு வரும் நர்சம்மா தான், விவரமாகச் சொன்னார்... 'கேரட்டால மட்டும் ரத்தம் ஊறாதும்மா. கீரை, பயறு, முட்டை குடு. கூடவே எலுமிச்சையோ, கொய்யாவோ சேர்த்தா தான், இரும்புச்சத்து உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட காபி குடிச்சா, அதையும் தடுத்துடும்...' என்றார். கொய்யாவுக்கு எங்கே போவது என, தேட வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து ஆயக்குடியில் விளைவது தானே!

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு, 400 கிராம் காய், கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. அதைக் கேட்ட மகள், விளையாட்டாக, தான் சாப்பிட்ட காயை, பூண்டு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தாள். நாள் முழுக்கச் சேர்த்தும், 120 கிராம் தாண்டவில்லை. அவளுக்கே வெட்கமாகி விட்டது. அன்றிலிருந்து, பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

இந்த தராசு வேலையை, வகுப்பிலேயே செய்தால் என்ன? பையன்களையும் சேர்த்துத் தான்! நாளைக்கு அடுப்படியில் நிற்பது, பெண் பிள்ளை மட்டும் என்று, யார் சொன்னது? பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து, 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனிகளை விற்கக் கூடாது என, 2020லேயே விதி வந்து விட்டது. எத்தனை பெட்டிக்கடைக்கு அது தெரியும்?

எங்கள் காட்டில் ஒதுக்கும் ஒடிந்த கேரட்டை, வாரம் ஒரு மூட்டை, சத்துணவுக்கு சும்மாவே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 'மேல கேட்டுச் சொல்றோம்' என்றனர். கேட்டுச் சொல்லட்டும், அறுவடை, அடுத்த மாதம் தான்.

— கிளாவரை வாசகி.